சூரியனை இரண்டு கண்ணால் பார்ப்பது: கொரோனாவின் முப்பரிமாண அளவீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளிகளுக்கும் மொட்டைமாடிக் கூட்டங்களுக்கும் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். பகல் கூட்டம் என்றால் சூரியனைப் பற்றித்தான் பேச்சு. சூரியனை இரண்டு கோணத்திலிருந்து படம் எடுக்கப் போன ஸ்டீரியோ என்ற ஜோடி விண்கலங்களின் கதையை ஆரம்பித்தால் போதும், ஏறக்குறைய அதே கேள்விகள் அதே வரிசையில் வரும். நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்து வைத்ததைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தருகிறேன்.

கொரோனான்னா அந்த வைரஸ் பேருதானே? சூரியனுக்கு எப்படி வந்தது?

முதலில் சூரியனுக்குத்தான் வந்தது. கொரோனா என்றால் லத்தீனில் கிரீடம். முழு சூரிய கிரகணத்தில் நிலவு சூரியத் தட்டை மூடியதும் சுற்றிலும் வெள்ளை இழைகளாக ஓர் ஒளி விரியுமே, அதுதான் கொரோனா. மின்னணு நுண்ணோக்கியில் அந்த வைரஸின் முட்கள் இதே மாதிரி தெரிந்ததால் பெயர் பிறகு அதற்கும் ஒட்டிக்கொண்டது.

சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதற்கு மேலே இருக்கும் கொரோனாவோ 10 லட்சம், 20 லட்சம் டிகிரி. அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு கூடுவது போன்ற விசித்திரம் இது. ஏன் இப்படி என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. ஆனால் கொரோனா மிக மிக மெல்லியது. சூரியத் தட்டின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் வெளிச்சம். அதனால்தான் கிரகணம் இல்லாத நாளில் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை.

சூரியன் உருண்டைன்னு எல்லாருக்கும் தெரியும். இதுல முப்பரிமாணமா அளக்கறதுக்குப் புதுசா என்ன இருக்கு?

சூரியன் உருண்டைதான். கொரோனா அந்த உருண்டையின் மேல் தோல் மாதிரி சீராகப் படர்ந்தது அல்ல. காந்தப்புலம் எப்படி வளைகிறதோ அப்படியே பிளாஸ்மாவும், அதாவது மின்னேற்றம் கொண்ட வாயுவும், வளைந்து, பரப்பில் ஓரிடத்தில் கிளம்பி இன்னோரிடத்தில் இறங்கும் வளையங்களாக நிற்கும். சில இடங்களில் நீண்ட தாரைகளாக வெளியே ஓடும். இதையெல்லாம் ஒரே பக்கத்திலிருந்து படம் எடுத்தால் தட்டையாகத்தான் விழும். நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும் நெடிய வளையமும், நேராக நிற்கும் குட்டை வளையமும் படத்தில் ஒன்றுபோலத் தெரியலாம்.

நீளம் தெரியாவிட்டால் அந்த வளையத்தைச் சூடாக வைத்திருக்க எவ்வளவு ஆற்றல் தேவை என்று கணக்குப் போட முடியாது. மேலே சொன்ன 20 லட்சம் டிகிரிப் புதிருக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சூரியன் பிளாஸ்மாத் திரளை வெளியே வீசியெறிகிற சூரியப் புயல் விஷயத்தில் இன்னும் மோசம். நம்மை நோக்கி வரும் புயல், சூரியனைச் சுற்றி மெல்ல விரியும் வளையம் போலத்தான் தெரியும். அது எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்பது எதிரே நிற்பவனுக்குத்தான் தெரியாது. பக்கவாட்டில் நிற்பவனுக்குத் தெரியும்.

அதுக்கு எதுக்கு ரெண்டு கலம்? சூரியனே சுத்துது இல்லையா, ஒரு நாள் காத்திருந்து இன்னொரு படம் எடுத்தா ஆச்சே?

நல்ல கேள்வி. ஸ்டீரியோவுக்கு முன்பு அப்படித்தான் செய்தார்கள். பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் சுமார் 27 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. ஒரு நாளில் 13 டிகிரி திரும்பிவிடும். இன்று ஒரு படம், நாளை ஒரு படம் எடுத்தால் இரண்டு கோணம் கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால் கொரோனா வளையங்கள் பலவும் சில மணி நேரத்திலேயே உருமாறிவிடும். இன்று இடது கண்ணால் மேகத்தைப் பார்த்துவிட்டு, நாளை வந்து வலது கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும்? மெதுவாக மாறும் பெரிய அமைப்புகளுக்கு இந்த வழி ஓரளவு ஒத்துவரும். வெடிப்புக்கோ புயலுக்கோ உதவாது.

சரி, ஸ்டீரியோ எப்ப போச்சு? ரெண்டையும் எப்படிப் பிரிச்சு விட்டாங்க?

2006 அக்டோபரில், ஃபுளோரிடாவின் கேப் கனாவரலிலிருந்து ஒரே டெல்டா-2 ராக்கெட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நாசா அனுப்பியது. இரண்டும் ஏறக்குறைய அச்சு அசலாக ஒரே மாதிரி. பிரித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் வேலையைச் செய்தது நிலா. டிசம்பர் 15 அன்று இரண்டும் நிலவை உரசிப் போயின. ஒன்றை நிலவின் ஈர்ப்பு சூரியனைச் சுற்றும் பாதைக்கு எறிந்துவிட்டது. இன்னொன்று திரும்பி வந்து, 2007 ஜனவரி 21 அன்று மறுபடி நிலவருகே போய், எதிர்த் திசையில் வெளியேறியது.

முன்னால் போவது ஏ, பின்தங்குவது பி. ஏ-யின் பாதை பூமியின் பாதைக்குச் சற்று உள்ளே இருப்பதால் அது பூமியை முந்துகிறது. பி சற்று வெளியே இருப்பதால் பின்தங்குகிறது. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 22 டிகிரி வீதம் பூமியை விட்டு விலகும். ஆக, இரண்டுக்கும் இடையிலான கோணம் ஆண்டுக்குச் சுமார் 44 டிகிரி கூடிக்கொண்டே போகும். நிறுத்தி வைக்க வழியில்லை. இந்தத் திட்டத்தின் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தவை என்பது என் கட்சி.

உயரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கணக்கைக் கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து பாருங்கள். விரல் பின்னாலிருக்கும் சுவரில் இடம் மாறும். பள்ளியில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தோமே, அதேதான். இங்கே விரல் என்பது வளையத்தின் உச்சி, சுவர் என்பது சூரியப் பரப்பு.

ஒரு வளையத்தின் உச்சி பரப்பிலிருந்து 50,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏ அதை நேர் மேலிருந்து பார்க்கிறது என்று வையுங்கள். இரண்டு கலங்களுக்கும் இடையே 10 டிகிரி இருந்தால், பி-யின் படத்தில் அந்த உச்சி அதன் நேர் கீழுள்ள பரப்புப் புள்ளியிலிருந்து சுமார் 8,700 கிலோமீட்டர் தள்ளி விழும். ஸ்டீரியோவின் புற ஊதாக் கேமராவில் ஒரு பிக்சல் சூரியனில் ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர். ஆக நகர்வு ஏழரை பிக்சல். அதைப் படத்தில் அளந்து, திருப்பிக் கணக்குப் போட்டால் உயரம் வந்துவிடும். ஒரு பிக்சல் தவறினால் உயரத்தில் சுமார் 6,600 கிலோமீட்டர் பிசகும். அதாவது பூமியின் விட்டத்தில் பாதி.

அப்ப கோணம் அதிகமா இருந்தா பிசகு குறையும்தானே? சீக்கிரமே நல்லா விலக்கி விட்டிருக்கலாமே?

கணக்கு அப்படித்தான் சொல்லும். மேலே சொன்ன அதே வளையம் 2 டிகிரி இடைவெளியில் ஒன்றரை பிக்சல்தான் நகரும், அளந்து பிரயோஜனமில்லை. 30 டிகிரியில் 20 பிக்சலுக்கு மேல் நகரும், ஒரு பிக்சல் பிசகுக்கு 2,300 கிலோமீட்டர்தான் தவறு. ஆனால் 30 டிகிரியில் இரண்டு படங்களும் இரண்டு வேறு இடங்கள் மாதிரி ஆகிவிடும். எந்த வளையம் எது என்று ஜோடி சேர்க்க முடியாது.

நம் கண்களுக்கு இடையே ஆறரை சென்டிமீட்டர். ஊசியில் நூல் கோக்கிற தூரத்தில், அதாவது ஒன்றேகால் அடியில், இரண்டு கண்களும் ஊசியைப் பார்க்கும் கோணம் சுமார் 10 டிகிரி. மூளைக்கு அது சுகமான கோணம். ஸ்டீரியோவுக்கும் கிட்டத்தட்ட அதே கோணம்தான் பொற்காலம். அது 2007-ன் நடுப்பகுதியில் சில மாதங்களே நீடித்தது. மே 9 அன்று 7 டிகிரி சொச்சம் இருந்தபோது எடுத்த ஒரு ஜோடிப் படத்திலிருந்து 30 வளையங்களை முப்பரிமாணத்தில் வரைந்து காட்டினார்கள். 2009 தொடக்கத்தில் கோணம் 90 டிகிரி. வளையங்களைப் பொறுத்தவரை கதை அதோடு முடிந்தது. அகண்ட கோணத்துக்கு ஏற்ற வேறு வேலைகள் தொடங்கின.

சிவப்பு நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற படம் இதுதானா?

ஆமாம். 2007 ஏப்ரலில் நாசா முதல் முப்பரிமாணப் படங்களை அப்படித்தான் வெளியிட்டது. ஒரு கலத்தின் படம் சிவப்பில், மற்றதன் படம் நீலப்பச்சையில். அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு வண்ண ஜெலட்டின் தாள் ஒட்டினால் கண்ணாடி தயார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்ட ஒரு கூட்டத்தில் ஒரு பையன் அண்ணாந்து பார்க்கப் போய், எனக்கு ஒரு நிமிடம் உயிர் போய் வந்தது. அது திரையில் உள்ள படத்தைப் பார்க்க மட்டும்தான்.

அப்புறம் ஒன்று. அந்தப் படம் கண்ணுக்கு விருந்து, அளவீடு அல்ல. உங்கள் மூளை ஆழத்தை உணரும், எண்ணைத் தராது. எண் வேண்டுமென்றால் முன்பு சொன்ன பிக்சல் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

ரெண்டு படத்திலயும் இது அதே வளையம்தான்னு எப்படி நிச்சயமா சொல்றாங்க?

இந்தக் கேள்வி கேட்டவருக்கு நான் தனியாக ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். மொத்த விஷயத்தின் முடிச்சு இதுதான்.

கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு வலையையே வெறித்துப் பார்த்திருக்கிறீர்களா? திடீரென்று வலை இருக்கும் இடத்தை விட்டு முன்னாலோ பின்னாலோ மிதப்பது போலத் தெரியும். இடது கண் ஒரு ஓட்டையையும் வலது கண் பக்கத்து ஓட்டையையும் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றென்று மூளை நம்பிவிடுவதால் வரும் மயக்கம் அது. கொரோனாவில் வளையங்கள் அந்த வலை மாதிரி நெருக்கமாக, ஒன்றுபோல இருக்கும். தப்பான ஜோடியைச் சேர்த்தால் தப்பான உயரம் வரும். அந்த உயரம் பார்க்க நியாயமாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. போதாக்குறைக்குக் கொரோனா ஒளி ஊடுருவக்கூடியது. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்காது. சாம்பிராணிப் புகைக்குப் பின்னால் இன்னொரு புகை மாதிரி இரண்டும் கூடித் தெரியும்.

தேடலைக் குறைக்க வடிவியல் ஒரு கை கொடுக்கிறது. இரண்டு கலங்களையும் சூரியனில் உள்ள ஒரு புள்ளியையும் சேர்த்தால் ஒரு தளம் கிடைக்கும். அந்தத் தளம் ஒவ்வொரு படத்திலும் ஒரு கோடாக விழும். ஏ-யின் படத்தில் ஒரு கோட்டில் உள்ள புள்ளி, பி-யின் படத்தில் அதே தளம் விழும் கோட்டில்தான் இருந்தாக வேண்டும், மேலேயோ கீழேயோ போக முடியாது. ஆக, படம் முழுக்கத் தேட வேண்டாம். ஆனால் வளையத்தின் ஒரு பகுதி அந்தக் கோட்டோடேயே படுத்துக் கிடந்தால் அங்கே எந்தப் புள்ளிக்கு எந்தப் புள்ளி ஜோடி என்று தெரியாது. கிழக்கு மேற்காக ஓடும் வளையங்களின் உச்சியில் இந்த வம்பு வரும். அப்போது காந்தப்புலக் கணக்கையும் பக்கத்து வளையங்களின் போக்கையும் துணைக்குச் சேர்த்து முடிவு செய்வார்கள். நிச்சயமா என்றால், சில வளையங்களுக்கு ஆமாம், சிலவற்றுக்கு இல்லை.

ரெண்டு கலமும் ஒரே நொடியில படம் எடுத்தாதானே சரியா வரும்?

ஒரே நொடியில் எடுத்தால் தவறாகிவிடும்! ஏ சூரியனுக்குச் சற்று அருகில், பி சற்றுத் தள்ளி. சூரியனிலிருந்து கிளம்பிய அதே ஒளி ஏ-யை முதலில் அடைந்து, ஏறக்குறைய ஒரு நிமிடம் வரை தாமதித்துத்தான் பி-யை அடையும். ஆகவே சூரியனில் ஒரே கணமாக இருக்கும்படி பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும்.

ஒரு நிமிடம் பெரிய விஷயமா? சூரியச் சுழற்சிக்கு இல்லை. பரப்பு அதற்குள் ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குதான் நகரும். ஆனால் நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பீறிடும் ஒரு தாரை அதே நிமிடத்தில் 18,000 கிலோமீட்டர் போய்விடும். அது 15 பிக்சல். முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் உயரக் கணக்கே தலைகீழாகிவிடும் என்பது புரியும். இது தவிர, ஏ-க்குச் சூரியன் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். இரண்டு படங்களையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, ஒரே திசைக்குத் திருப்பிய பிறகே வேலை ஆரம்பம்.

விளிம்புக்கு வெளியே மங்கலா இருக்கே, அங்க வளையமே தெரியாதே. அதை எப்படி அளக்கறாங்க?

அங்கே வேறு கருவி. தட்டை வைத்துச் சூரியனை மறைத்துச் செயற்கைக் கிரகணம் உண்டாக்கும் கொரோனாகிராஃப். ஒவ்வொரு கலத்திலும் இரண்டு உண்டு. சூரிய மையத்திலிருந்து 1.4 சூரிய ஆரம் தொடங்கி 15 சூரிய ஆரம் வரை பார்க்கும். அதற்கும் அப்பால், பூமி வரை உள்ள வெளியைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கத் தனிக் கேமராக்கள்.

அங்கே தெரிவது கொரோனாவின் சொந்த ஒளி அல்ல. சூரிய ஒளி எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறி வருவது. தாம்சன் சிதறல் என்பார்கள். செங்கோணத்தில் சிதறிய ஒளி ஒரே தளத்தில் அதிர்வதாக இருக்கும். போலராய்டு வடிகட்டியைத் திருப்பித் திருப்பி எடுத்த படங்களிலிருந்து, ஒரு பிளாஸ்மாத் திரள், நம் பார்வைக்குக் குறுக்கே சூரியன் வழியாகப் போகும் தளத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரே கலத்தாலும் சொல்ல முடியும். நம் பக்கமா, அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்ல முடியாது. இரண்டாவது கலம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்து வைக்கும். அமைதியான நாட்களில், சூரியச் சுழற்சியையும் சேர்த்துக்கொண்டு மருத்துவமனை சி.டி. ஸ்கேன் பாணியில் அடர்த்தி வரைபடமே போடுவார்கள்.

புயல் பூமிக்கு வருதா இல்லையான்னு இதை வச்சு சொல்ல முடியுமா?

முடியும், ஸ்டீரியோவின் பெரிய உபயோகமே அதுதான். பிளாஸ்மாத் திரளைப் புள்ளி புள்ளியாக ஜோடி சேர்ப்பது அநேகமாக நடக்காத காரியம். எனவே ஒரு வடிவத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு படங்களின் மேல் பொருத்துகிறார்கள். க்ரோய்சான் என்ற பிரெஞ்சுப் பண்டம் மாதிரி, இரண்டு கால்கள் சூரியனில் ஊன்றி, நடு உப்பிய வடிவம். நம்மூர் சோமாசியை நன்றாக ஊதிப் பெரிதாக்கியது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் திசை, சாய்வு, உயரம், அகலம் என்று ஆறு எண்களை மாற்றி மாற்றி, இரண்டு கலங்களின் படத்திலும் ஒரே நேரத்தில் பொருந்தும் வரை முயல்வார்கள். பெரும்பாலும் கண்மதிப்பில்தான். இரண்டு பேர் பொருத்தினால் எண்களில் சிறு வேறுபாடு வரும். ஆனாலும் ஒற்றைக் கலத்தின் ஊகத்தைவிட இது எத்தனையோ மேல்.

2012 ஜூலை 23 அன்று ஒரு ராட்சதப் புயல் கிளம்பியது. அது பூமிப் பக்கம் வரவில்லை. பூமிக்கு 120 டிகிரி முன்னால் இருந்த ஏ-யின் மேல் மோதியது. சாதாரணமாக இரண்டு மூன்று நாள் எடுக்கும் தூரத்தை 19 மணி நேரத்துக்குள் கடந்துவிட்டது. கிளம்பிய இடம் சில நாள் முன்னதாகப் பூமியைப் பார்த்தபடி இருந்தது. அப்போதே வெடித்திருந்தால் மின் கட்டமைப்புகளும் செயற்கைக்கோள்களும் என்ன பாடு பட்டிருக்கும் என்று விஞ்ஞானிகள் பிறகு விரிவாகவே எழுதினார்கள்.

புயலைத் தவிர உருப்படியா என்ன தெரிஞ்சுது?

எனக்குப் பிடித்த மூன்றைச் சொல்கிறேன். வெடிப்பின்போது சூரியப் பரப்பில் வட்ட அலை ஒன்று பரவுவதை முன்பே பார்த்திருந்தார்கள். அது நிஜ அலையா, வெடித்துக் கிளம்பும் திரளின் நிழல் மாதிரித் தோற்றமா என்று சண்டை. 2009 பிப்ரவரி 13 அன்று ஒன்று வெடித்தபோது, இரு கலங்களும் சரியாக 90 டிகிரியில் இருந்தன. ஒன்று மேலிருந்தும் மற்றது பக்கத்திலிருந்தும் பார்த்தது. திரள் தனியாகவும் அலை தனியாகவும் போவது தெரிந்தது. நொடிக்கு 250 கிலோமீட்டர் வேகம், சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் உயரம். இது சுத்தமான அதிர்ஷ்டம்.

இரண்டாவது, துருவப் பகுதியில் பீறிடும் ஒரு தாரை. 2007 ஜூனில் இரண்டு கோணத்தில் பார்த்தபோது அது கயிறு முறுக்கவிழ்வது போலத் திருகிக்கொண்டு எழும்பியது. முறுக்கேறிய காந்தப்புலம் விடுபடும்போது இப்படித்தான் ஆகும் என்ற கருத்துக்கு நல்ல சாட்சி.

மூன்றாவது சங்கடமான கண்டுபிடிப்பு. பரப்பில் அளந்த காந்தப்புலத்தை வைத்து மேலே கோடுகள் எப்படி வளையும் என்று கணக்குப் போடும் மாதிரிகள் உண்டு. ஸ்டீரியோ அளந்த நிஜ வளையங்களோடு அவற்றை ஒப்பிட்டால் 20 முதல் 40 டிகிரி வரை திசை விலகியது. அதுவரை சரிபார்க்க வழியே இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. மாதிரி போடுபவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

முழு சூரியனையும் ஒரே நேரத்துல பார்த்தாங்களாமே?

2011 பிப்ரவரி 6. அன்று இரண்டுக்கும் இடையே 180 டிகிரி. ஒன்று ஒரு பாதியை, மற்றது மறுபாதியைப் பார்த்தது. சூரியனின் முன்னும் பின்னும் ஒருசேரத் தெரிந்தது அதுவே முதல் தடவை. ஆனால் கவனியுங்கள், அன்று முப்பரிமாண அளவீடு என்பது ஏறக்குறைய பூஜ்யம். இரண்டு கண்களும் ஒன்றையே பார்த்தால்தான் ஆழம் தெரியும். அன்று இரண்டுக்கும் பொதுவாகத் தெரிந்தது விளிம்பு மட்டுமே.

பி கலம் தொலைஞ்சு போச்சுன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

நிஜம்தான். 2014-ல் இரண்டும் சூரியனுக்குப் பின்புறம் போகவிருந்தன. அந்தச் சமயத்தில் பல வாரம் பூமியோடு பேச முடியாது. அதற்கான ஒத்திகையில், அக்டோபர் 1 அன்று பி-யின் தொடர்பு அறுந்தது. கலம் எப்படித் திரும்புகிறது என்று சொல்லும் கருவி பழுதாகித் தப்பான தகவல் கொடுத்ததால் அது கட்டுப்பாடிழந்து சுழன்றது. 22 மாதம் கழித்து, 2016 ஆகஸ்ட் 21 அன்று மறுபடி சமிக்ஞை கிடைத்தது. சில வாரம்தான், பிறகு அதுவும் நின்றுபோனது. 2018 அக்டோபரில் தேடுவதை நிறுத்தினார்கள்.

அப்ப இப்ப ஒத்தைக் கண்ணுதானா?

ஏ நன்றாக இருக்கிறது. முன்னால் போய்க்கொண்டே இருந்தது, சூரியனைச் சுற்றி பூமியை விட ஒரு முழுச் சுற்று அதிகம் போட்டு, 2023 ஆகஸ்ட் 12 அன்று பூமியைத் தாண்டியது. அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்கள், பூமியைச் சுற்றும் நாசாவின் எஸ்டிஓ கலம் இன்னொரு கண்ணாக அமைந்தது. 2007-ன் பொற்காலக் கோணம் மறுபடி கிடைத்தது, அதுவும் கூடுதல் நுணுக்கமான கேமராவோடு.

இன்னொரு ஜோடி, 2020 பிப்ரவரியில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பிய சோலார் ஆர்பிட்டர். நீள்வட்டப் பாதையில் போவதால் பூமியோடு அதன் கோணம் எல்லா விதமாகவும் மாறும். 2025-ல் சூரிய நடுக்கோட்டிலிருந்து 17 டிகிரி சாய்ந்து போய்த் தென்துருவத்தையும் படம் எடுத்தது. ஸ்டீரியோவின் இரண்டு கண்களும் பூமியின் பாதையை ஒட்டியே இருந்ததால், மேலிருந்தோ கீழிருந்தோ பார்க்கும் வசதி அதற்கு இருந்ததே இல்லை.

ஸ்ரீஹரிகோட்டாவிலேர்ந்து ரெண்டு கலம் ஜோடியாப் போச்சே, ப்ரோபா-3. அதுவும் இதேதானே? ஆதித்யா?

ஜோடிதான், ஆனால் வேலை வேறு. 2024 டிசம்பர் 5 அன்று பிஎஸ்எல்வி-சி59 ஏற்றிச் சென்ற ஐரோப்பிய ஜோடி அது. ஒரு கலம் 1.4 மீட்டர் தட்டால் சூரியனை மறைக்கும். 150 மீட்டர் பின்னால் இன்னொரு கலம் அந்த நிழலுக்குள் நின்று கொரோனாவைப் படம் எடுக்கும். இடைவெளியை மில்லிமீட்டர் துல்லியத்தில் பிடித்து நிற்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரே கண். ஒன்று கண், மற்றது கண்ணுக்கு மேல் வைத்த கை என்று சொல்லலாம். 150 மீட்டர் இடைவெளியில், அதுவும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கோணம் எங்கே வரும்?

ஆதித்யா-எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, சூரியன் இருக்கும் திசையிலேயே இருக்கிறது. சூரியனிலிருந்து பார்த்தால் பூமிக்கும் அதற்கும் அரை டிகிரி கூட இராது. பூமியருகே உள்ள கலத்தோடு ஜோடி சேர்த்தால் முன்பு சொன்ன 2 டிகிரிக் கதையைவிட மோசம். சோலார் ஆர்பிட்டரோடு சேர்த்தால் அருமையான ஜோடி.

நீங்க வளையம் வளையம்னு சொல்றீங்க. அது வளையமே இல்லைன்னா?

கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது. அவர் விவரமாகப் படித்துவிட்டு வந்திருந்தார். 2022-ல் அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஒரு குழு, கணினியில் ஒரு செயற்கைக் கொரோனாவை உருவாக்கி உள்ளே வெட்டிப் பார்த்தது. படத்தில் தனி வளையமாகத் தெரிந்த பலவும் உள்ளே வளையமாக இல்லை. மெல்லிய திரை போன்ற பிளாஸ்மாவின் மடிப்புகள், பார்வைக் கோட்டில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கோடாகத் தெரிந்தன. எல்லாமே அப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. சில நிஜ வளையங்களும் இருந்தன.

கொடியில் காயும் மெல்லிய புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு எதிரே பார்த்தால் மடிப்பு விழுந்த இடம் மட்டும் கருங்கோடாகத் தெரியும். இரண்டடி நகர்ந்து பார்த்தால் கோடும் துணியின் வேறொரு இடத்துக்குப் போய்விடும். இப்போது இரண்டு இடத்திலிருந்தும் படம் எடுத்து அந்தக் கோடுகளை ஜோடி சேர்த்தால், கணக்கு ஓர் உயரத்தைத் தரத்தான் செய்யும். அந்த உயரத்தில் துணியில் ஒரு நூலும் இருக்காது. கொசுவலை மயக்கத்தைவிட இது ஒரு படி மேலே, ஏனென்றால் இங்கே சரியான ஜோடி என்றே ஒன்று கிடையாது.

மூன்றாவது கண் இருந்தால் பிடிபடும். இரண்டு படங்களிலிருந்து கணக்கிட்ட வளையம் நிஜமென்றால், மூன்றாவது இடத்திலிருந்து எங்கே தெரிய வேண்டுமோ அங்கேயே தெரிய வேண்டும். 2007-ல் ஏ-க்கும் பி-க்கும் நடுவே, பூமிப் பக்கம் சோஹோ என்ற பழைய சூரிய ஆய்வுக் கலம் அந்த மூன்றாவது இடத்தில் இருந்தது, ஆனால் அதன் பிக்சல் பெரிது. இன்றைக்கு ஏ, எஸ்டிஓ, சோலார் ஆர்பிட்டர் மூன்றும் தோதான கோணங்களில் வந்து, அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல வளையக் கூட்டமும் மூன்றுக்கும் தெரியும்படி நிற்க வேண்டும். அந்த மாணவி அப்படிப்பட்ட தேதிகளைப் பட்டியல் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.